பள்ளித் தோட்டம்: பூசணி ஏன் காய்க்கவில்லை?

பூசணிக்கொடி நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. என்ன உரம் போடலாம்?

உரத்தை விடுங்கள், பூவைப் பாருங்கள். பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பெண் பூவின் அடியில் சின்னஞ்சிறு பிஞ்சு உருண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் நெட்டைக் காம்புதான். பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கினால், தேனீ வரத்து குறைவாக இருக்கலாம். பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும் என்பதால், முதல் பாடவேளையிலேயே வகுப்பை அழைத்துப் போங்கள். ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் பிள்ளைகளே தடவட்டும். தடவிய பூவுக்கு ஒரு நூல் கட்டுங்கள். தடவாத பூ ஒன்றுக்கு வேறு நிற நூல். எது காய்க்கிறது என்று அவர்களே தினமும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். மகரந்தச் சேர்க்கையைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முற்றம் முழுக்க சிமெண்ட். என்ன செய்வது?

பழைய அரிசிச் சாக்கில் மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பிச் சிறுகீரை விதையுங்கள். ஒரு மாதத்துக்குள் பறித்துச் சத்துணவில் சேர்க்கலாம்.

“படிக்க அனுப்பினோமா, மண் வெட்ட அனுப்பினோமா?” என்கிறார் ஒரு பெற்றோர்.

அவர் கேட்பதில் நியாயம் உண்டு. குறிப்பிட்ட சில பிள்ளைகளை மட்டுமே வேலைக்கு அழைத்தால் அது தோட்டப் பாடம் அல்ல, அநீதி. எல்லோருக்கும் முறை வர வேண்டும். மண்வெட்டி வேலை பெரியவர்களுடையது. பறித்த கீரையை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுவதும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். அந்தப் பெற்றோரை ஒரு நாள் வரவழைத்து, அவர் பிள்ளையே தோட்டத்தைச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள்.

அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கிறது. எந்த மருந்து அடிக்கலாம்?

கொஞ்சம் பொறுங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே, குட்டி முதலையைப் போலக் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு புழு ஊர்கிறதா? அது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்றுதான் வளர்கிறது. பூச்சி என்று பிள்ளைகள் நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். பிள்ளைகள் தொட்டுப் பறித்து உண்ணும் இடத்தில் இரசாயனப் பூச்சிக்கொல்லி கூடவே கூடாது.

கோடை விடுமுறையில் எல்லாம் காய்ந்துவிடுகிறதே?

மே மாதத்தில் கீரையைக் காப்பாற்றப் போராட வேண்டாம். விடுமுறைக்கு முன்பே முற்றிய வெண்டை, அவரையிலிருந்து விதை எடுத்து, சாம்பல் கலந்து, ஆடிப்பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திகளைக் காய்ந்த இலைகளால் மூடிவிடுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் வேர் பிடித்துவிட்டால் கோடையைத் தாங்கும். முருங்கையை மட்டும் வகுப்பறை ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். கம்பளிப்பூச்சி அடை அடையாக இறங்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு அரிப்பு தாங்காது.