பழைய காரின் மங்கிய பெயிண்ட்டும் கீறல்களும்: கேள்வி பதில்

சிவப்பு கார், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிவிட்டது. பழைய நிறம் திரும்புமா?

வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால், பெரும்பாலும் கிளியர் கோட் (நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) இல்லாத பழைய வகைப் பெயிண்ட். வெளிறியது மேல்பரப்பு மட்டும்தான். அதைத் தேய்த்தெடுத்தால் நிறம் திரும்பும். கூரையிலும் பானட்டிலும் வெள்ளைத் திட்டுகளாகத் தோல் உரிந்திருந்தால் கிளியர் கோட் போய்விட்டது. அதற்குப் பாலிஷ் மருந்தே இல்லை, மறுபடி பெயிண்ட்தான்.

எந்தக் கீறல் போகும், எது போகாது?

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்காவிட்டால் பாலிஷிலேயே போய்விடும். லேசாகச் சிக்கினால் கீறலின் விளிம்பு மழுங்கி, கண்ணில் படுவது குறையும், முழுதாகப் போகாது. உள்ளே பிரைமரோ (பெயிண்ட்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு) தகடோ தெரிந்தால் டச்-அப் பெயிண்ட் வைத்தே ஆகவேண்டும், விட்டால் துருப்பிடிக்கும்.

2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால் சீக்கிரம் முடியாதா?

கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. ஒருமுறை எடுத்தது திரும்ப வராது. அதனால் எப்போதும் மிருதுவானதில் தொடங்குங்கள்: ஃபினிஷிங் பாலிஷ், போதாவிட்டால் அதைவிடச் சொரசொரப்பான காம்பவுண்ட். வாட்டர் பேப்பர் கடைசி வழி. கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் இன்னும் மெல்லிசாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினை வைக்காதீர்கள்.

டூத்பேஸ்ட்?

வேண்டாம். அதன் துகள் பெயிண்ட்டுக்காகச் செய்தது இல்லை.

கழுவியவுடன் பாலிஷ் போடலாமா?

காய்ந்ததும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துரும்பெல்லாம் மணலாக நறநறக்கும். அதன்மேல் பாலிஷ் பேடை ஓட்டினால் புதுக்கீறல்தான் மிச்சம். கார் ஷாம்பூ கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, க்ளே பாரை (ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) அழுத்தாமல் வழுக்க விடுங்கள். நறநறப்பு அடங்கியதும் நிறுத்திவிடலாம். க்ளே கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்து ஓட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

காம்பவுண்ட் போட்டதும் கண்ணாடியாக மின்னியது. இரண்டு வாஷில் கீறல் எல்லாம் திரும்பிவிட்டது. ஏன்?

கீறல் போகவே இல்லை, பாலிஷில் உள்ள எண்ணெய் அதை நிரப்பி மறைத்திருந்தது. பலர் ஏமாறும் இடம் இது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமபாகம் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நிஜ நிலைமை அப்போதுதான் தெரியும்.

வேலையும் நிதானமாக நடக்கட்டும். நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிஏ மெஷின் (சுழன்றபடியே அதிரும் பாலிஷ் மெஷின்), ஃபோம் பேட், மூன்று நான்கு பட்டாணி அளவு பாலிஷ் போதும். குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து முறை மெதுவாக ஓட்டுங்கள். வெயிலில் செய்தால் பாலிஷ் காய்ந்து பொடியாகி, பேடும் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இடம் முடிந்ததும் பேடை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

கடைசியில் வாக்ஸா, சீலண்டா?

வாக்ஸ் அழகு, சீலண்ட் (செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு) ஆயுள். தினமும் வெயிலில் நிற்கும் காருக்கு சீலண்ட் போடுங்கள்.