ஸ்வெட்டரில் கை மட்டும் பாக்கி

கேள்வி: எனக்கு வயது 57. குன்னூர் பக்கம் இருக்கிறோம். கணவர் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக எனக்கு முடக்கு வாதம். காலையில் விரல்கள் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வாரம் ஒரு முறை போடச் சொல்லி மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தந்தார்கள். அது கேன்சர் மருந்து என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் ஒரு மாதமாகப் போடவில்லை. வலி தாங்காத அன்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். இரவில் கணப்புச் சட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது. கோவையில் இருக்கும் மகள், “குளிரில் ஏன் கிடக்கிறாய், கீழே வந்துவிடு” என்கிறாள். தீபாவளிக்கு என்னை அடுப்படிப் பக்கமே விடவில்லை. தை மாதம் பேரனுக்கு முதல் பிறந்தநாள், அதோடு காது குத்து. அவனுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்து முன்பக்கமும் பின்பக்கமும் முடித்துவிட்டேன், கை மட்டும் பாக்கி. பின்னினால் விரல் கோணிவிடும் என்கிறார்கள். நிறுத்திவிடவா?

பதில்: அம்மா, ஸ்வெட்டருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கணப்புச் சட்டி.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி அது. மற்றதையெல்லாம் விட என்னைப் பயமுறுத்தியதும் அதுதான். நம் ஊர்ப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைச் சொருகிவிட்டுத்தான் படுக்கிறோம். அந்த அறைக்குள் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது போய் உட்கார்ந்துகொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், தூக்கம் சொக்கும், கணப்பின் கதகதப்பு என்று நினைத்து இன்னும் போர்த்திக்கொள்வோம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். சாயந்திரம் வாசல் திண்ணையில் வைத்துக் காயுங்கள், யார் வேண்டாம் என்றது? படுக்கும் அறைக்குள் மட்டும் இன்றிலிருந்து வேண்டாம். தூங்கப் போகும் முன் வெதுவெதுப்பான நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்துத் துடைத்து, கம்பளி உறை போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம்.

சரி, மாத்திரை. பக்கத்து வீட்டில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. மெத்தோட்ரெக்ஸேட் கேன்சருக்கும் கொடுக்கும் மருந்துதான். அங்கே கொடுக்கும் அளவு மிகப் பெரியது. முடக்கு வாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அந்தச் சிறிய அளவில் அது செய்கிற வேலையே வேறு. உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் உங்கள் மூட்டின் உள்சவ்வையே தாக்கிக்கொண்டிருக்கிறது, இந்த மருந்து அதைக் கொஞ்சம் அடக்கிவைக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். 1940-களில் அமெரிக்காவில் இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தவர். எண்பது வருடப் பழக்கமுள்ள மருந்தம்மா அது. எதைச் செய்யும், எதைக் கெடுக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கெடுப்பதும் உண்டு, மறைக்கவில்லை. அதனால்தான் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் அவ்வப்போது பரிசோதிக்கச் சொல்கிறோம். வாய்ப்புண், காய்ச்சல், விடாத வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், காரணமில்லாமல் தோலில் நீலம் பாய்தல், இதில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். வேறு எதற்காவது ஆன்டிபயாட்டிக் எழுதினால், “நான் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன்” என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-ட்ரைமாக்ஸசோல் போன்றவை இதோடு சேர்ந்தால் ஆபத்து. எல்லாவற்றையும் விட முக்கியம், இது வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டு உயிருக்குப் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தினசரிக் காலண்டரில் அந்தக் கிழமைத் தாள்களில் மட்டும் சிவப்புப் பேனாவால் பெரிதாக ‘மா’ என்று எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்திருப்பார்கள், குமட்டலும் வாய்ப்புண்ணும் குறைய அது உதவும், அதை விடாதீர்கள்.

ஒரு மாதம் விட்டுவிட்டீர்கள் என்பதால் நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். எழுதித் தந்த டாக்டரிடம் போய், நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், பரவாயில்லை. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தொடங்குவார். இது இன்று போட்டு நாளை கேட்கிற மருந்தில்லை, முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும். இப்போது தொடங்கினால் காது குத்துக்குள் வித்தியாசம் தெரிய வாய்ப்பிருக்கிறது. நான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மூட்டு அரிப்பதை மட்டும் நிறுத்தாது. பொட்டலத்தில் பெயர் இல்லாமல் மடித்துத் தருவதை வாங்கவே வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

மகள் கூப்பிடுவதைப் பற்றி. பாசத்தில் சொல்கிறாள், ஆனால் காரணம் தப்பு. குளிரில் மூட்டு இறுகும், வலி கூடியது போலத் தோன்றும். குளிர் இந்த நோயை உண்டாக்குவதும் இல்லை, மூட்டை அரிப்பதும் இல்லை. வெயில் கொளுத்தும் வேலூரிலும் திருச்சியிலும் சரவாங்கி என்கிற இந்த முடக்கு வாதம் இருக்கத்தான் செய்கிறது. பேரனோடு இருக்க ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். நோய் போய்விடும் என்று நம்பி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். மருந்தில்லாமல் கோவைக்குப் போனால் விரல் அங்கேயும் வீங்கும், கூடவே பழகிய அக்கம்பக்கமும் தோட்டமும் இல்லாமல் போகும்.

உருளைக்கிழங்கு வாயு, மூட்டுக்கு ஆகாது என்றும் சொல்வார்கள். அதுவும் இதே ரகம்தான். நீலகிரியில் இருந்துகொண்டு உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் விலக்கினால் அப்புறம் என்னத்தைச் சாப்பிடுவது? நன்றாகச் சாப்பிடுங்கள். டீயை மட்டும் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முடக்கு வாதக்காரர்களுக்கு ரத்தசோகை சகஜம். இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும், தேயிலைக் குடும்பத்திடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

தைலம் தடவுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் தடவாமல் இருக்க மாட்டீர்கள். நீலகிரித் தைலம் சுகமாக இருக்கும், தடவுங்கள். வின்டர்கிரீன் தைலம் என்றால் ஒரு எச்சரிக்கை. அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். அதைத் தடவி மேலே வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் வெந்துபோகும். பேரன் வரும்போது இரண்டு புட்டிகளையும் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். தவழுகிற பிள்ளை ஒரு வாய் குடித்தாலும் விபரீதம்.

இப்போது ஸ்வெட்டர். பின்னினால் விரல் கோணும் என்று சொல்பவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருத்தி. மலைக்கு வந்த புதிதில், கம்பளி பின்னி விற்றுப் பிழைத்த ஒரு அம்மாவிடம், “கையை அசைக்காதீர்கள், ஓய்வு கொடுங்கள்” என்று பெரிய மனுஷித்தனமாகச் சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தார். வீக்கம் அப்படியே இருந்தது, பிடியில் இருந்த பலம்தான் போயிருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, உதட்டைக் குனிந்து டம்ளரிடம் கொண்டுபோய்க் குடித்தார். அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. விரலைக் கோணவைப்பது அடங்காத வீக்கம், பின்னல் இல்லை. அசையாத மூட்டு இறுகிப்போகும், அதைச் சுற்றியுள்ள தசையும் இளைத்துப்போகும்.

அதனால் பின்னுங்கள், பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காலை வேளை வேண்டாம். விரல் இளகி, வெயில் கொஞ்சம் தலைகாட்டும் பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள். எஃகு ஊசி கைக்குச் சில்லென்று இருக்கும், வழுக்கும், வழுக்காமல் இருக்க விரல் இறுக்கிப் பிடிக்கும். மூங்கில் ஊசி இதமாக இருக்கும். அதைவிட நல்லது, நடுவில் ஒயர் இணைத்த வட்ட ஊசி. பின்னியதன் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும். முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் தோளும் இறங்கும். இருபது நிமிடம் ஆனதும் கீழே வைத்துவிட வேண்டும், வரிசை பாதியில் நின்றாலும் சரி. இந்த வரிசையை முடித்துவிட்டு வைக்கிறேன் என்பதுதான் எல்லாப் பின்னல்காரர்களும் சொல்கிற பொய். கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். விரல்களை விரித்து, மெதுவாக மடக்கி, மணிக்கட்டைச் சுழற்றிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து வந்து மறுபடி உட்காரலாம். பின்னி இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்னைவிட அதிகமாக இருந்தால் அன்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம், மறுநாள் பத்து நிமிடமாகக் குறையுங்கள். மூட்டு சிவந்து சுட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் ஊசியைத் தொட வேண்டாம், விரலை வெறுமனே அசைத்தால் போதும். ஒற்றை மூட்டு மட்டும் திடீரென்று பருத்துக் காய்ச்சலும் வந்தால் அது வேறு சமாச்சாரம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி பயிற்சி கற்றுக்கொள்ள மலையிறங்கி அலைய வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தீபாவளிக்கு உங்களை அடுப்படிக்குள் விடவில்லை என்ற இடத்தில் எழுத்து கொஞ்சம் கலங்கியிருந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு சாவி திருப்புவதற்கும் முறுக்கு அச்சு பிழிவதற்கும் விரல் மூட்டு படும் பாடு பெரிது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். மாவின் பதம் பார்ப்பதையும், உப்பு சொல்வதையும், எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு துளி கிள்ளிப் போட்டுப் பார்ப்பதையும் ஏன் வாங்குகிறீர்கள்? பொங்கலுக்கு அச்சு பிழியும் வேலை மாப்பிள்ளைக்கு. நல்ல தோள் இருக்கும் என்று நம்புகிறேன். அம்மா, மாவை நீங்கள் விரலால் கிளறாமல் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிசையலாம். வெண்கலப் பானையை ஒரு கைப்பிடியில் தூக்காதீர்கள், இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள், தண்ணீரை அடுப்பில் ஏற்றிய பிறகு சொம்பால் ஊற்றிக்கொள்ளலாம். கத்தியின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பருமனாகி, பிடி இறுக்க வேண்டியிருக்காது. பொங்கல் வைக்க நேரம் குறிக்கும்போது, விடிகாலை நேரத்தை விட்டுவிட்டு காலண்டரில் அடுத்த நல்ல நேரத்தைப் பாருங்கள். சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டார், குன்னூர் மூட்டத்தில் அவரே லேட்டாகத்தான் வருவார்.

காது குத்தன்று கட்டப்போகும் பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது ஊக்குக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைக்கச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்கு விரைத்த விரலோடு ஏழு ஊக்கு மாட்டப் போராடி, அழுதுகொண்டே விசேஷத்துக்குப் போகாமலே இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். மோதிரத்தை முந்தின நாளே கழற்றிவிடுங்கள். முந்தின நாள் மத்தியானமே கோவைக்கு இறங்கி, மகள் வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். வளைவுகளில் பஸ் குலுங்கும்போது முன் சீட்டுக் கம்பியை விரலால் பிடிக்காமல் முழங்கையை மடக்கிக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டர் விஷயத்தில் கடைசியாக ஒன்று, இது மருத்துவம் இல்லை. ஒரு வயது அளவுக்குப் பின்னியிருந்தால் கையை ஒரு இரண்டு அங்குலம் நீளமாகவே போட்டு மடித்துவிடுங்கள். கோவையில் தை மாதத்துக்கு அப்புறம் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை, அடுத்த கார்த்திகையில் பாட்டி வீட்டுக்கு வரும்போதுதான் போடுவான். அதற்குள் நிச்சயம் வளர்ந்திருப்பான்.