டெட் வில்லியம்ஸ்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். 1941-இல் அமெரிக்க பேஸ்பாலில் டெட் வில்லியம்ஸ் .406 எடுத்தார் என்கிறார்கள். பத்துக்கு நாலு தடவை அடித்ததற்கா இத்தனை கொண்டாட்டம்?

ஆமாம், அதற்குத்தான். பேட்டிங் சராசரி என்பது ஹிட்டை அட்-பேட்டால், அதாவது கணக்கில் சேரும் அடிக்கும் முறைகளால், வகுத்து வருவது. அவர் அந்த ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக 456 அட்-பேட்டில் 185 ஹிட் அடித்தார். பந்தை அடித்துவிட்டுத் தன் அடியின் பலத்தில் பேஸ் (ஓடிச் சேர வேண்டிய நிலை) சேர்ந்தால்தான் ஹிட். ஃபீல்டர் கோட்டைவிட்டதால் சேர்ந்தால் அது ஹிட் ஆகாது, அட்-பேட் மட்டும் ஏறும். .300 எடுத்தாலே நல்ல பேட்டர். .400 என்பது கிரிக்கெட்காரர்களுக்கு பிராட்மனின் 99.94 சராசரி மாதிரி.

இன்னொன்று. இன்று மூன்றாம் பேஸில் இருப்பவர் ஓடி வர உதவும் உயரடி கேட்சானால், அதை அட்-பேட்டில் சேர்ப்பதில்லை. 1941-இல் சேர்த்தார்கள். இன்றைய விதிப்படி அவர் சராசரி .411 இருந்திருக்கும் என்று கணக்கிட்டவர்கள் உண்டு.

கேள்வி: கடைசி நாள் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலே .400 வந்திருக்கும் என்கிறார்களே, சரியா?

ஏட்டில் சரி. 28 செப்டம்பர் காலையில் அவர் கணக்கு 448 அட்-பேட்டுக்கு 179 ஹிட், அதாவது .39955. மூன்று இலக்கமாக்கினால் .400. மேனேஜர் ஜோ குரோனின் வேண்டுமானால் உட்காரலாம் என்றார், வில்லியம்ஸ் மறுத்தார். அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில் அத்லெட்டிக்ஸுடன் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள்.

முதல் ஆட்டத்தில் 5-க்கு 4. இப்போது 453-க்கு 183, .404. பலரும் கவனிக்காத இடம் இதுதான்: இரண்டாவது ஆட்டத்தில் நாலு தடவை வெறுங்கையோடு திரும்பினாலும் 457-க்கு 183, இன்னும் .400-க்கு மேல்தான். உண்மையான ஆபத்தெல்லாம் முதல் ஆட்டத்தோடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் இரண்டாவதிலும் இறங்கி 3-க்கு 2 அடித்தார்.

கேள்வி: பள்ளி அணியில் சாஃப்ட்பால் ஆடும் பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன். வில்லியம்ஸிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் எதை?

எந்தப் பந்தை விடுவது என்பதை. 1970-இல் வந்த அவர் நூலில் ஸ்ட்ரைக் ஸோனையே (இதற்குள் வரும் பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்) பந்துகளால் நிரப்பிய படம் ஒன்று உண்டு: அகலத்தில் 7, உயரத்தில் 11, மொத்தம் 77 பந்துகள். ஒவ்வொன்றின் மேலும், அந்த இடத்துப் பந்தை மட்டும் அடித்தால் தனக்கு என்ன சராசரி வரும் என்று அவரே மதிப்பிட்டு எழுதியிருந்தார். நடுவில் .400, வெளிப்புறம் கீழ்மூலையில் .230. அந்த மூலைப் பந்தும் ஸ்ட்ரைக்தான். ஆனால் முதல் பந்திலேயே அதைத் துரத்துபவன் தன்னையே .230 பேட்டராக்கிக்கொள்கிறான்.

நடைமுறையில் இப்படிச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை தனக்கு வாகான இடத்துக்கு வரும் பந்துக்கு மட்டும் பேட்டை வீச வேண்டும். இரண்டு விழுந்துவிட்டால் கைப்பிடியைச் சற்று மேலே ஏற்றி, வீச்சைச் சுருக்கி, பந்தில் படவைப்பதே வேலை. பையன்கள் தலைகீழாகச் செய்வார்கள்: முதல் பந்துக்கு முழு வீச்சு, இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகும் அதே முழு வீச்சு.

ஸோனுக்கு வெளியே இரண்டு அங்குலம்தானே என்று நினைப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், ஸோனின் அகலமும் அதுதான். உயரம் 24 என்று வையுங்கள். 408 சதுர அங்குலம். நாலு பக்கமும் இரண்டு அங்குலம் விட்டுக்கொடுத்தால் 21-க்கு 28, அதாவது 588. பந்து வீசும் பிட்சருக்கு இலக்கை 44 சதவீதம் பெரிதாக்கிக் கொடுத்தாயிற்று.

கேள்வி: பேட்டை மட்டமாக வீசு என்றுதான் எல்லாக் கோச்சும் சொல்கிறார்கள். அவர் மேல்நோக்கி வீசச் சொன்னாராமே?

லேசாகத்தான். பிட்சர் நிற்பது மேட்டின் மேல், பந்தை விடுவது தலையுயரத்தில். எனவே பந்து சரிந்துதான் வருகிறது. பேட் சற்று மேல்நோக்கிப் போனால் பந்தின் பாதையோடு அதிக நேரம் ஒத்துப்போகும். நேரம் கொஞ்சம் தப்பினாலும் அடி படும். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், கை அதைத் தொடர்ந்து வரவேண்டும். பின்தோளைத் தாழ்த்திப் பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பது வேறு விஷயம். அது உயர எழும்பிக் கேட்சாகத்தான் போகும். சாஃப்ட்பாலில் மேடு கிடையாது, பந்தும் கீழ்க்கையால் வருகிறது. இந்தக் கோணத்தை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வலது பக்கம் ஃபீல்டர்களைக் குவித்து அவரை முடக்கினார்கள் என்பது?

முடக்கவில்லை, தொந்தரவு செய்தார்கள். இடக்கை பேட்டரான அவர் பெரும்பாலும் வலப்பக்கம் இழுத்தே அடிப்பார். ஜூலை 1946-இல் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதலாவதில் கிளீவ்லண்டுக்கு எதிராக மூன்று ஹோம்ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). இரண்டாவதில் கிளீவ்லண்டின் மேனேஜர் லூ பூட்ரோ கிட்டத்தட்ட எல்லோரையும் வலப்பக்கம் நகர்த்தினார். இடப்பக்கம் திறந்து கிடந்தும் வில்லியம்ஸ் பெரும்பாலும் பிடிவாதமாக வலப்பக்கமே அடித்தார். அந்த ஆண்டின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் 25-க்கு 5 மட்டுமே. ஆனால் அதற்கு முன் ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கையில் அடிபட்டிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 முதல் இரண்டாம் பேஸின் இருபுறமும் தலா இரண்டு இன்ஃபீல்டர் இருந்தாக வேண்டும் என்பது விதி.

கேள்வி: போருக்குப் போகாமல் இருந்திருந்தால்?

1943, 44, 45 முழுதாகப் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானப் பயிற்சியாளராக இருந்தார், சண்டையில் இறங்கவில்லை. கொரியாவில் இறங்கினார்: 39 தாக்குதல் பயணங்கள். பிப்ரவரி 1953-இல் சுடப்பட்ட பாந்தர் ஜெட்டைச் சக்கரம் இறங்காமலே தரையில் உரசி நிறுத்தினார். 1952-இல் 6 ஆட்டம், 1953-இல் 37 ஆட்டம்தான் ஆடக் கிடைத்தன. வாழ்நாளின் 521 ஹோம்ரன் இத்தனை இடைவெளியோடு வந்தது. "இருந்திருந்தால்" பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: .400 எடுத்த கடைசி ஆள் அவர்தானா இன்னும்?

இரண்டு பெரிய லீக்குகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் ஆம். 1980-இல் ஜார்ஜ் பிரெட் .390, 1994-இல் டோனி குவின் .394 வரை வந்தார்கள். வில்லியம்ஸே 1957-இல் .388, இன்னும் ஐந்து ஹிட் கிடைத்திருந்தால் .400. ஆனால் 2024-இல் கறுப்பினத்தவரின் நீக்ரோ லீக் கணக்குகளும் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்தன. அதன்படி ஒரு சீசனின் உச்சம் ஜோஷ் கிப்சனின் .466, 1943-இல். 1966-இல் ஹால் ஆஃப் ஃபேம் ஏற்புரையில், வாய்ப்பு மறுக்கப்பட்ட அந்த வீரர்களையும் சேர்க்க வேண்டும் என்று கிப்சன், சாட்செல் பெய்ஜ் பெயர்களைச் சொல்லிப் பேசியவர் வில்லியம்ஸ்.

கேள்வி: வாக் (பிட்சர் நாலு பந்தை ஸோனுக்கு வெளியே வீசியதால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) வாங்கிக்கொண்டு போவதால் அணிக்கு என்ன லாபம்? அடிக்க வேண்டியவர் அடிக்க வேண்டாமா?

அவர் காலத்துப் பத்திரிகைகளும் இதையேதான் கேட்டன. அவுட் ஆகாமல் பேஸ் சேர்ந்தால் அணிக்கு ஓர் அவுட் மிச்சம்; ஓர் இன்னிங்ஸுக்கு இருப்பதே மூன்று. வாழ்நாளில் 2,021 வாக், 709 ஸ்ட்ரைக்-அவுட். பேஸ் சேர்ந்த விகிதம் .482, நீக்ரோ லீக் கணக்குகள் சேர்ந்த பிறகும் அதுதான் முதலிடம். வாக் அட்-பேட்டில் சேராது; அது அவருக்கு ஒரு பேட்டிங் சராசரிப் பட்டத்தையே பறித்தது. 1954-இல் .345 அடித்தும் 136 வாக் போனதால் அட்-பேட் 386 மட்டும். 400 வேண்டும் என்பது அன்றைய விதி. பட்டம் .341 அடித்த பாபி அவிலாவுக்குப் போயிற்று. பிறகு அட்-பேட்டை விட்டுவிட்டு, வாக்கும் சேரும் பிளேட் அப்பியரன்ஸைத் தகுதியாக வைத்தார்கள்.

1941 கணக்கைத் தேடும்போது சில இடங்களில் 145 வாக், சில இடங்களில் 147 என்று இருக்கும். பழையது 145, திருத்தப்பட்டது 147. பேஸ் சேர்ந்த விகிதம் .551, .553 என்று இரண்டு விதமாக இருப்பதும் இதனால்தான்.