காலிஃபிளவர் பீட்சா பேஸ் பிய்ந்து போகிறதா?

வேகவைத்த காலிஃபிளவரை ஆறவிட்டு, துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். முட்டை, சீஸ் எல்லாம் சேர்த்தும் பேஸ் கையில் எடுத்தால் பிய்கிறது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். அந்தப் பூவில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். கோதுமை மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் என்ற புரதம் இதில் கிடையாது. முட்டையும் சீஸும் மட்டுமே பிடிமானம், ஈரம் மிஞ்சினால் அதுவும் நிற்காது.

பிழிந்ததில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். சொட்டு வடிந்தால் இன்னும் பிழிய வேண்டும். கை வலிக்கும் வரை என்றே சொல்வேன்.

பிறகு முட்டை, சீஸ் கலந்து தட்டி, மேலே எதுவும் போடாமல் 200 டிகிரி செல்சியஸில், ஓரம் பழுப்பாகும்வரை, சுமார் 20 நிமிடம் சுடுங்கள். சாஸ் அதற்குப் பிறகுதான், மெல்லிசாக.

சாப்பிடுபவர் இன்சுலின் போடுகிறவர் என்றால், மாவுக்குப் பதில் காலிஃபிளவர் என்பதால் மாவுச்சத்து குறையும்போது ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கலாம். மருந்தளவை முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.