புது இசை, புது ஓவியம்னு ஏதாவது கண்ணுல காதுல படும்போது வர்ற சந்தோஷம் உங்களுக்கு எப்படி இருக்கும்? எப்படித் தேடுறீங்க?

உண்மையைச் சொன்னா முதல் தடவை கேக்கும்போது எனக்கு சந்தோஷம்லாம் வராதுங்க, பாதி நேரம் எரிச்சல்தான் வரும். அதுக்குன்னு ஆப் காட்டுற சிபாரிசையும் நம்புறதில்லை, நேத்து கேட்ட பாட்டுக்கு தம்பி தங்கச்சி மாதிரி இருக்கறதையே இன்னைக்கும் கொண்டுவந்து நிறுத்தும்.

இந்தோனேசியாவுல கமெலான்னு ஒரு இசை இருக்கு. வெண்கலப் பட்டைங்களை வரிசையா வச்சு சுத்தியலால தட்டுவாங்க, கூட பெரிய பெரிய கோங், அதாவது தொங்கவிட்டுத் தட்டுற வட்டமான உலோகத் தட்டு. முதல் நாள் ஹெட்ஃபோன்ல கேட்டப்ப பக்கத்து ரூம்ல யாரோ பாத்திரத்தை உருட்டுற மாதிரிதான் இருந்துச்சு, நாலு நிமிஷத்துல நிறுத்திட்டேன். ஆனா எனக்கு ஒரு பழக்கம், எதையும் மூணு தடவை கேக்காம தள்ளிவிடுறதில்லை. ரெண்டாவது தடவை துணி மடிச்சுக்கிட்டே பாதி காதுல கேட்டேன். மூணாவது தடவைதான் கவனிச்சேன், அந்த சத்தம் நேரா நிக்காம லேசா நடுங்குது. ரெக்கார்டிங் கோளாறுன்னு நினைச்சு தேடிப் பாத்தா, பாலித் தீவுல கருவிகளை ஜோடி ஜோடியா செஞ்சு ஒண்ணோட சுருதியை மட்டும் வேணும்னே கொஞ்சம் தூக்கி வச்சிருவாங்களாம், ரெண்டையும் ஒண்ணா தட்டும்போது அந்த நடுக்கம் வரும், அதுக்கு அவங்க வச்ச பேரு ஓம்பாக், அப்டின்னா அலை. இது தெரிஞ்சதும் மறுபடி போட்டேன். ஒரு சுத்து முடியுற இடத்துல பெரிய கோங் விழும்ல, அது எப்ப வரும்னு அதுக்குள்ள எனக்கே பிடிபட்டுருச்சு, மூச்சைப் பிடிச்சு காத்துக்கிட்டிருந்தேன், கரெக்டா அங்கயே விழுந்துச்சு பாருங்க, புல்லரிச்சுப் போச்சு. நீங்க கேக்குற சந்தோஷம் எனக்கு அந்த இடத்துலதான்.

இதை மூளையிலயே பாத்திருக்காங்க. 2011ல கனடாவுல இருக்கற மாண்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர்கள் ஆளுங்களை அவங்கவங்களுக்குப் பிடிச்ச இசையைக் கேக்க வச்சு ஸ்கேன் பண்ணினாங்க. உச்சமான இடம் வரும்போது மட்டும் இல்ல, அது வரப்போகுதுன்னு காத்திருக்கற நேரத்துலயே மூளையோட இன்னொரு பகுதியில டோபமைன்ங்கற, சந்தோஷத்தோட சம்பந்தப்பட்ட ரசாயனம் சுரக்குதுன்னு தெரிஞ்சுது. எங்க என்ன வரும்னு தெரியாத வரைக்கும் காத்திருக்க முடியாதே, அதான் முதல் தடவை சப்புன்னு இருக்குன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்.

எப்படித் தேடுறேன்னா, ஒருத்தரைப் பிடிச்சா அவர் யாரைக் கேட்டார்னு பின்னாடியே போவேன். கமெலானை இன்னும் யார் கேட்டிருக்காங்கன்னு பாத்தா, 1889ல பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சியில ஜாவா கமெலானைக் கேட்டு அசந்துபோனவங்கள்ல ஃபிரான்ஸ் இசையமைப்பாளர் டெபுஸி ஒருத்தர். சரின்னு அவரைக் கேக்க ஆரம்பிச்சா, கடலை வச்சு அவர் பண்ணின லா மேர், அதோட நொட்டேஷன் 1905ல அச்சானப்ப அட்டையில போட்டது ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட பேரலை. பாட்டுல ஆரம்பிச்சு ஓவியத்துல வந்து நிக்கறேன், அதுவும் மறுபடி ஒரு அலை!

1831 வாக்குல வந்த அந்த ஓவியத்தை டி-ஷர்ட்ல, மக்ல நூறு தடவை பாத்திருப்பேன். அன்னைக்குதான் ஜூம் பண்ணி நிதானமா பாத்தேன். நுரை விரல் விரலா வளைஞ்சு நிக்குது, பின்னாடி ஃபுஜி மலை அலையை விட குட்டியா இருக்கு, கீழ மூணு படகு, அதுல ஆளுங்க குனிஞ்சு ஒட்டிக்கிட்டு கிடக்கறாங்க. இத்தனை நாளா அந்த ஆளுங்க என் கண்ணுலயே படலை!

ஃப்ரெண்ட் ஒருத்தன் மொபைல்ல வால்பேப்பரே அதுதான். காட்டினேன். "டேய், இதுல ஆளுங்க இருக்காங்களா?"ன்னான். ரெண்டு வருஷமா தினமும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கான்.