ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் ஒரு குதிரைக் காப்பகத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன். சுடிதாரும் கேன்வாஸ் ஷூவும் போதுமா?

கேன்வாஸ் ஷூ போதாது. சுடிதார் போடலாம், ஆனால் துப்பட்டா வேண்டவே வேண்டாம். மண்டபம் பக்கம் சேர்வதாக எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உச்சிப்புளிப் பக்கம் ஒரு சின்னக் காப்பகத்துக்கு ஐந்து வருடமாகச் சனி, ஞாயிறு போய்வருகிறேன். வண்டி இழுத்து ஓய்ந்தவை, சவாரிக்கு ஓடிக் கால் கெட்டவை என்று ஒன்பது குதிரைகள் அங்கே இருக்கின்றன.

முதலில் காற்று. பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கும் காற்று நம்முடையது. கச்சான் என்கிற மேல்காற்று எழுந்துவிட்டால் உடம்பில் தொங்குகிற எதுவும் சும்மா இருக்காது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரிக்குச் சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. நீங்கள் தோளோரம் நிற்கும்போது துணி படபடத்தால் அதன் கண்ணுக்குத் தப்பாது. புல்வெளியில் வேட்டை மிருகங்களுக்கு இரையாக இருந்த பிராணி அது. முதலில் ஓடும், அப்புறம்தான் என்னவென்று பார்க்கும்.

நான் போன இரண்டாவது வாரம், ஒரு கிழட்டுப் பெண் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருந்தேன். காற்றில் முடிச்சு அவிழ்ந்து, நுனி போய் அதன் விலாவில் அடித்தது. ஒரே துள்ளல். வாளி உருண்டது, கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது, குதிரை நேராகப் போய் வேலிக் கம்பியில் மார்பைக் கிழித்துக்கொண்டது. எனக்கு நாலு நாள் கை எரிந்தது. அதற்கு ஏழு தையல். பல வருடம் ஜட்கா ஓட்டிய தாத்தா ஒருவர் அங்கே இருக்கிறார். திட்டவில்லை. "தாயி, நாளையிலருந்து அந்தத் துணிய வீட்டுலயே வச்சிட்டு வா. அது பயந்தது அது தப்பில்ல" என்றார். இன்றைக்கும் அந்தத் தழும்பைத் தேய்த்துவிடும்போது மனசு கனக்கும்.

அதனால் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் முழுக்கைப் பருத்திச் சட்டையோ குட்டைக் குர்தாவோ போடுங்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது. கீழே, இழுத்தால் விரிந்துகொடுக்கும் பேன்ட். பலாஸோ, பட்டியாலா வேண்டாம். இறுக்கமான ஜீன்ஸும் வேண்டாம். குளம்பு பார்க்கும்போது தரையில் உட்காரவோ மண்டி போடவோ கூடாது, குந்திக்கொண்டு வேலை பார்த்து நொடியில் எழுந்து விலக வேண்டும். ஜீன்ஸ் முட்டியைப் பிடித்துவிடும். ஆண்கள் கைலியோடு வருவதும் ஆபத்துதான். அவிழும்போது கை அங்கே போகும், கயிறு நழுவும். கீழக்கரையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி, தலையோடு ஒட்டிய ஹிஜாப் அணிந்து நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறாள். அதற்குக் குண்டூசி குத்துவதில்லை. இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. ஐப்பசி மழைக்குச் சரசரக்கும் பிளாஸ்டிக் கோட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது கால். வளர்ந்த குதிரை 400, 500 கிலோ இருக்கும், மட்டக்குதிரையும் லேசுப்பட்டதல்ல. அது தெரியாமல் மிதித்தாலும் விரல் நொறுங்கும். இன்னொன்று, நம் ஊர் மண்ணில் கிடக்கும் சீமைக்கருவேல முள். கேன்வாஸ் ஷூவின் அடியை ஊசி மாதிரி துளைத்து உள்ளே வரும். கட்டட வேலைக்காரர்களுக்கு விற்கும், கணுக்கால் மூடிய, அடி தடித்த சேஃப்டி ஷூ தரை வேலைக்குப் போதும். கம்பூட் சேற்றுக்குச் சரி, விரலைக் காப்பாற்றாது. சவாரி செய்யச் சொன்னால் வேறு பூட்ஸ் வேண்டும். சேணத்தில் தொங்கும் கால் வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க, 1 அங்குலக் குதியும் வழவழப்பான அடியும் உள்ளதாகப் பாருங்கள்.

ஹெல்மெட்டும் அப்படித்தான். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது, குதிரைச் சவாரிக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 போன்ற தர முத்திரையோடு வருவதை வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டதை மறுபடி போடக் கூடாது.

கயிறு பிடிக்கக் கையுறை. கையுறை இருக்கிறதே என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மோதிரம், வளையல், தொங்கட்டான் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். பின்னலைக் கொண்டையாகப் போடுங்கள். காதில் இயர்போன் கூடாது.

புதிதாக வந்து தனியாகக் கட்டியிருக்கும் குதிரையிடம் போக வேண்டியிருந்தால் தனி உடை, கையுறை, மாஸ்க் கேட்டு வாங்குங்கள். கிளாண்டர்ஸ் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கு வரும். படர்தாமரையும் தொற்றும். அதனால் வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். சேருவதற்கு முன் டெட்டனஸ் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் திரும்புவீர்கள் என்றால் பையில் ஒரு மாற்றுடையும் செருப்பும் இருக்கட்டும்.