வால்வு ஆம்ப் கரகரக்கிறதா? கேளுங்கள்

பர்மா வாசகர்கள் தங்கள் வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வால் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) பற்றிக் கேட்டவையும் என் பதில்களும் இவை. முதலில் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

பெகு: சன்னமாக வாசித்தால் சுரம் அடங்கும் இடத்தில் மணலைத் தேய்ப்பது போல் சத்தம். இஎல்34 பவர் வால்வு இரண்டையும் புதிதாக மாற்றியும் போகவில்லை.

பயாஸ், அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் வால்வில் ஓடும் கரண்ட், குறைந்து கிடக்கிறது, தம்பி. ஒரு வால்வு அலையின் மேல்பாதியை இழுக்கும், மற்றது கீழ்ப்பாதியை. கைமாறும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் சேர்ந்து இழுக்க வேண்டும். பயாஸ் குறைந்தால் ஒன்று விட்ட பிறகுதான் மற்றது பிடிக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் மணல். சத்தமாக வாசித்தால் ஒளிந்துகொள்ளும், சன்னமாக வாசித்தால் தலைகாட்டும். கணக்கு இது: இஎல்34 பிளேட் (வால்வுக்குள் எலக்ட்ரான் வந்து சேரும் தகடு) தாங்குவது 25 வாட், சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் என்றால் 39 மில்லிஆம்ப். கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் 39 மில்லிவோல்ட். ஸ்கிரீன் என்ற உள்வலையின் கரண்டும் அதில் சேர்ந்தே வரும். 39 உச்சவரம்பு, 32லிருந்து மெல்ல ஏற்றிக் கேட்டுப் பாருங்கள்.

தாட்டன்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினேன், ஆன் செய்ததும் அலறுகிறது.

பிளேட்டுக்குப் போகும் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிராகத் திருப்பி விடும் நெகட்டிவ் ஃபீட்பேக் தலைகீழாகிவிட்டது.

மோல்மேன்: மேல் சுரங்களுக்கு அடியில் பேய் மாதிரி இன்னொரு சுரம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வரும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் உங்கள் சுரத்தோடு கலக்கிறது. வடித்துவிட்டு மாற்றுங்கள்.

ரங்கூன், ஒரு பெரியவர்: பயாஸைக் குறைத்து வைத்தால்தான் வால்வு உழைக்கும். முப்பது வருஷமாக மேடைக்கு ஆம்ப் கட்டுகிறேன்.

உழைக்கும் ஐயா, மறுக்கவில்லை. சுரத்தின் இனிமைதான் போகிறது.

அதே பெரியவர்: வீட்டுக் கரண்ட் சாயங்காலம் 190 வோல்ட், நள்ளிரவில் 240. நீங்கள் சொல்கிற அளவில் வைத்தால் ராத்திரி பிளேட் சிவக்காதா?

சிவக்கும். இதில் ஐயா சொல்வது நியாயம். தண்ணீர்த் திருவிழா மேடையில் நானே பார்த்தேன்: ஜெனரேட்டரின் வோல்ட் ஏறியதும் ஒரு வால்வின் பிளேட் மடிப்பில் நகப்பூச்சு அளவுக்குச் சிவப்பு. சாயங்காலம் 190இல் பயாஸ் வைத்தவன் நான்தான். ஆனால் அதற்கு மருந்து குறைந்த பயாஸ் அல்ல, ரெகுலேட்டர். 190இல் ஹீட்டரும் 6.3க்குப் பதில் 5.2 வோல்ட்டில்தான் எரிகிறது, அதுவும் வால்வுக்கு நல்லதல்ல. ரெகுலேட்டர் போட்டு 230 வந்த பிறகு பயாஸ் வையுங்கள்.

இன்னும் இருவர்: எந்த பிராண்ட் வால்வு இனிமையாக இருக்கும்?

பெகு தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். அளக்காமல் வாங்காதீர்கள்.

சிட்டகாங் ரோடு: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சோதிக்கலாமா?

கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

மாண்டலே: பயாஸ் சரி, கெப்பாசிட்டர் புதுசு, ஆனாலும் சுரத்தின் மேல் நுரை மாதிரி ஒரு இரைச்சல்.

ஒயர் போகும் பாதையைப் பாருங்கள். பிளேட் ஒயரும் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) ஒயரும் உரசிக்கொண்டு போனால் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வில் ஆம்ப் தானாக ஊசலாடும். கிரிட் ரெசிஸ்டரை சாக்கெட் பின்னோடு ஒட்டிச் சால்டர் செய்யுங்கள், 5.6 கிலோ ஓம் போதும். ஆம்ப் ஓடும்போது ஒயரை நகர்த்திப் பார்க்க, நூடுல்ஸ் கடை மூங்கில் குச்சி, நன்றாகக் காய்ந்தது. இன்னொரு கை கைலி முடிச்சில் இருக்கட்டும்.